கான்கிரீட் கொட்டும்போது உடன் நிற்பவர் யார்?

எங்கள் தெருவில் சென்ற மாதம் ஒரு வீட்டுக்கு மேல்தளம் போட்டார்கள். காலை ஆறு மணிக்கே கலவை இயந்திரம் வந்துவிட்டது. ஜல்லியும் எம்-சாண்டும் முந்தைய நாளே சாலையோரம் குவிக்கப்பட்டிருந்தன. பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டி, இருபது பேருக்கு மேல் வேலையில் இறங்கினார்கள். வீட்டுக்காரர் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். தளம் போடும் நாள் என்பது நம் ஊரில் ஒரு சிறு திருவிழா.

பொறியாளர் பத்து மணியளவில் வந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கைப்பேசியில் சில படங்கள் எடுத்தார். அவற்றை யாருக்கோ அனுப்பினார். மேஸ்திரியிடம் இரண்டு சொற்கள் பேசினார். கால் மணி நேரத்தில் இருசக்கர வாகனத்தில் கிளம்பிவிட்டார். அவர் பார்க்க வேண்டிய இடங்கள் அன்று இன்னும் மூன்று இருந்தனவாம். அவர் போன பிறகு வெயில் ஏறியது. கலவை இறுகத் தொடங்கியது. மேஸ்திரி ஒரு குரல் கொடுத்தார்; இயந்திரத்தில் ஒரு குடம் தண்ணீர் கூடுதலாக ஊற்றப்பட்டது. அடுத்தடுத்த கலவைக்கும் அதுவே அளவாயிற்று. பால்கனிப் பகுதியில் உயர்த்திக் கட்டியிருந்த மேல்கம்பிகளின்மீது ஆட்கள் நடந்து நடந்து, அவை சென்ட்ரிங் பலகையோடு படிந்து கிடந்தன. அவற்றைத் தூக்கிவிட யாரும் இல்லை.

கட்டுமானத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால் நான் சும்மா இருக்கவில்லை, சொன்னேன். ‘முப்பது வருஷமா இப்படித்தான் சார் போடுறோம், ஒன்றும் ஆகாது’ என்றார் மேஸ்திரி. அவர் பொய் சொல்லவில்லை. அவர் போட்ட தளங்களில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. அதுதான் இந்தத் துறையின் சிக்கல்.

ஒரு குடம் தண்ணீர் என்ன செய்துவிடும்? சிமெண்ட்டோடு சேர்ந்து வேதிவினை புரியத் தேவையான அளவுக்கு மேல் ஊற்றப்படும் நீர், கான்கிரீட் இறுகிய பிறகு ஆவியாகி வெளியேறுகிறது. அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக எஞ்சுகின்றன. வலிமை குறைகிறது. அந்தத் துளைகள் வழியே ஈரமும் காற்றும் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கூரையிலிருந்து பெயர்ந்து விழும் துண்டுகளின் பூர்வீகம் பெரும்பாலும் தளம் போட்ட அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

பால்கனியின் கதை இன்னும் நுட்பமானது. பால்கனியும் சன்ஷேடும் ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பு உள்ளவை. எடை கீழ்நோக்கி இழுக்கும்போது அவற்றின் மேற்பரப்புதான் இழுபடுகிறது. கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். நான்கைந்து அங்குலத் தடிமனுள்ள தகட்டில், மிதிபட்ட கம்பி இரண்டு அங்குலம் தாழ்ந்துவிட்டால் அது இருந்தும் இல்லாததைப் போலத்தான். கணக்கு சரி, வரைபடம் சரி, வாங்கிய கம்பியும் தரமானது. ஆனால், கட்டப்பட்டது வேறொன்று.

பொறியியல் என்பதற்கும் பொறியியல் தொழில்நுட்பம் என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. முதலாவது கணக்கிடுகிறது. இரண்டாவது, அந்தக் கணக்கு மண்ணில் மெய்யாகும்படி பார்த்துக்கொள்கிறது. முன்னதற்கு ஆள் சேர்ப்பதில் நாம் காட்டிய அக்கறையில் பாதியைக்கூடப் பின்னதற்குக் காட்டவில்லை. சிவில் பொறியியல் படிப்புக்கு மவுசு குறைந்துவிட்டது என்று ஆண்டுதோறும் கலந்தாய்வுக் காலத்தில் புலம்புகிறோம். எத்தனை இடங்கள் காலி என்று எண்ணுகிறோம். கான்கிரீட் கொட்டும்போது உடன் நிற்க வேண்டியவரின் இடம் எப்போது காலியானது என்று மட்டும் கேட்பதில்லை.

அந்த இடம் முன்பு காலியாக இருந்ததில்லை. சென்னையில் 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859-இல் சிவில் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த கிண்டி பொறியியல் கல்லூரி, பொறியாளர்களை மட்டும் உருவாக்கவில்லை. மேல்நிலை, கீழ்நிலைச் சார்பலுவலர்களுக்கும் வரைவாளர்களுக்கும் அங்கே தனித்தனி வகுப்புகள் நடந்தன. அவ்வாறு பயின்றவர்களே ஏரிக்கரையிலும் மதகிலும் பாலத்திலும் நாள்முழுதும் நின்று வேலை வாங்கினார்கள். ‘ஓவர்சியர்’ என்ற சொல் நம் கிராமங்களில் இன்றும் புழங்குகிறது. சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறியது, கரை எத்தனை முறை திமிசு போடப்பட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தலைமைப் பொறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘சார்பலுவலர்’ என்ற பெயரில் ஆங்கிலேய ஆட்சியின் மேட்டிமைத்தனம் இருந்தது உண்மை. இந்தியர்களை அந்தப் படியிலேயே நிறுத்திவைக்கவும் அது பயன்பட்டது. விடுதலைக்குப் பிறகு அந்தப் பெயரைத் தூக்கி எறிந்தது நியாயம். கூடவே அந்த வேலையையும் தூக்கி எறிந்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

பாலிடெக்னிக் கல்லூரிகள் அந்த இடத்தை நிரப்பவே வந்தன. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மூன்றாண்டுப் பட்டயம். நில அளவை முகாம், கான்கிரீட் ஆய்வுக்கூடம், மதிப்பீடு, வரைபடம் எனக் களத்தை நோக்கிய பாடத்திட்டம். தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டட வரைவாளர், நில அளவர் என இரண்டாண்டுப் பிரிவுகள் உள்ளன. அங்கிருந்து பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயத்திலிருந்து பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஏணி பெரிய வரம். நான் அதை ஒருபோதும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால், ஏணியின் நடுப்படியில் யாரும் நிற்க விரும்பாத நிலை உருவாகிவிட்டது. பட்டயம் முடித்தவர்களில் நன்றாகப் படிப்பவர் பட்டப் படிப்புக்குப் போகிறார். பட்டம் முடித்தவர் போட்டித் தேர்வுக்கோ, மென்பொருள் நிறுவனத்துக்கோ, மேற்படிப்புக்கோ போகிறார். வேறெங்கும் போக வழியில்லாதவர் மட்டும் வேலைத்தளத்துக்கு வருகிறார். அதுவும் வேறு வழி திறக்கும்வரைதான். நடுப்படியில் நிற்பதற்குத் தரப்படும் கூலியைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. புதிதாகச் சேரும் பட்டயப் பொறியாளரின் மாத ஊதியம், பல இடங்களில் அதே தளத்தில் ஒரு கொத்தனார் மாதம் முழுவதும் வேலை செய்தால் ஈட்டக்கூடியதைவிடக் குறைவு. கொத்தனாரின் கூலி அதிகம் என்று இதற்குப் பொருளல்ல. அவர் உழைப்புக்கு அது தகும். மூன்றாண்டு படித்துவிட்டு, வெயிலில் நின்று, ஒரு கட்டடத்தின் தரத்துக்குப் பொறுப்பேற்பவருக்கு நாம் வைத்திருக்கும் விலை இவ்வளவுதானா என்பதே கேள்வி.

வேலை இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. சாலைகள், குடிநீர்த் திட்டங்கள், அடுக்குமாடிகள், கிடங்குகள் என மாநிலமெங்கும் மண் தோண்டப்படுகிறது. இந்தப் பக்கம் இவ்வளவு வேலை. அந்தப் பக்கம் 2023 மே மாதத்தில், தமிழ்வழி சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தன் உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்திவைப்பதாக அண்ணா பல்கலைக்கழகம் அறிவிக்கிறது. எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. சேர்க்கைக் குறைவு என்ற காரணம் திரும்பப் பெறப்படவில்லை. தரநிலையில் முன்னிற்கும் கல்லூரிகளுக்குப் பாடப்பிரிவு வாரியாக இருந்த உச்சவரம்பை 2024-25 முதல் ஏஐசிடிஇ தளர்த்திய பிறகு, கணினி சார்ந்த பிரிவுகள் மேலும் விரிய, சிவில் போன்றவை மேலும் சுருங்குகின்றன. சந்தை தன் வேலையைச் செய்கிறது என்று இதைக் கடந்துவிடலாமா?

கடக்க முடியாது. ஏனெனில் ஆளில்லாமல் போனதன் விலையை அந்த மாணவர்கள் மட்டும் கொடுப்பதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் மாவட்டங்களிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். நீதிபதி ரகுபதி ஆணையம் விசாரித்தது. அருகில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் 2021 ஆகஸ்டில் சுவர்ப்பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்தது; ஐஐடி நிபுணர்கள் ஆய்வு செய்தார்கள்; பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான்: விபத்து, ஆய்வு, நடவடிக்கை. சிமெண்ட்டும் மணலும் கலக்கப்பட்ட நாளில் அளவுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தால், பெரிய நிபுணர் குழுவுக்குத் தேவையே வந்திராத நேர்வுகள் எத்தனையோ உண்டு.

இப்படி ஒருவர் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையா என்று வாசகர் கேட்கலாம். பாதி சொல்கிறது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டமும் மன்றமும் வந்துவிட்டன. வழக்குரைஞருக்கும் கணக்குத் தணிக்கையாளருக்கும் அதற்கு முன்பே சட்டங்கள் உண்டு. பொறியாளருக்கு மட்டும் நாடு தழுவிய உரிமச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பேச்சு மட்டும் பல ஆண்டுகளாக நடக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது, பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் என வகை பிரித்துப் பதிவு செய்யும் முறை வலுப்பெற்றது. நல்ல முயற்சிதான். ஆனால் பதிவு பெற்றவரின் கையெழுத்து வரைபடத்தில் இருக்கிறது. அவர் கால் தளத்தில் பதிவதில்லை. ஒரே பதிவு எண் ஊரிலுள்ள எத்தனையோ விண்ணப்பங்களில் இருப்பது துறையில் யாருக்கும் புதிய செய்தியல்ல.

2024 ஜூலையில் அறிமுகமான சுயசான்றுத் திட்டத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், அலுவலகத்துக்கு அலையாமல் இணையம் வழியே உடனடியாக அனுமதி பெறலாம். சிறு வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்தும் விலக்கு உண்டு. அலைக்கழிப்பும் கையூட்டும் குறையும் என்பதால் நான் இதை வரவேற்கிறேன். ஆனால் கட்டும் முன்பும் யாரும் வந்து பார்ப்பதில்லை, கட்டிய பின்பும் யாரும் வந்து பார்ப்பதில்லை என்றால், கட்டும்போதாவது ஒருவர் பார்க்க வேண்டாமா? அரசு விலகிக்கொண்ட இடத்தில் தகுதியுள்ள தொழில்நுட்பர் ஒருவரை நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் தெருவில் நின்றவர் மேஸ்திரி மட்டுமே.

மேஸ்திரியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். தூக்குக்குண்டும் ரசமட்டமும் டியூப் மட்டமும் கொண்டு, வெறும் கண்ணால் அரை அங்குலப் பிசகைக் கண்டுபிடிக்கும் மேஸ்திரிகளிடம் நான் வேலை கற்றிருக்கிறேன். எந்தக் கல்லூரியும் அதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் அவர் அறிவு கண்ணுக்குத் தெரிவதில் கூர்மையானது. கான்கிரீட்டின் பிழையோ கண்ணுக்குத் தெரியாதது. அதைக் காணத்தான் 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகள் வார்த்து, 28 நாள் நீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து கனமீட்டர் வரை ஒரு மாதிரி, பதினைந்து வரை இரண்டு, முப்பது வரை மூன்று என ஐஎஸ் 456 விதித்தொகுப்பு சொல்கிறது. எங்கள் தெரு வீட்டுத் தளத்துக்கு இரண்டு மாதிரிகளாவது எடுத்திருக்க வேண்டும். அங்கே அச்சுப் பெட்டி ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. குறைந்தது ஏழு நாள், வெயிலும் வறட்சியும் மிகுந்த இடத்தில் பத்து நாள் நீராற்ற வேண்டும். நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்குக் கீழ்முட்டு ஏழு நாளும், அதற்கு மேற்பட்டதற்குப் பதினான்கு நாளும் நிற்க வேண்டும் என்பவையும் அதே தொகுப்பில் உள்ளவையே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றி அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில். மேஸ்திரியும், தமிழ்வழியில் படித்து வந்த பட்டயப் பொறியாளரும், பீகாரிலிருந்து வந்து கம்பி கட்டுபவரும் கூடிநிற்கும் தளத்தில் அந்த ஆங்கிலம் யாருக்கும் உதவுவதில்லை. இந்த மூவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பதே இன்று களப் பொறியாளரின் வேலை. எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை.

அன்று மாலை அந்த இளைஞரிடம் பேசினேன். தண்ணீர் கூடுதலாக ஊற்றியது தெரியுமா என்று கேட்டேன். ‘தெரியும் சார். நான் சொன்னால் மேஸ்திரி கேட்கமாட்டார். எனக்கு அனுபவம் இல்லை என்று அவருக்குத் தெரியும். வேலையை நிறுத்தினால் முதலாளி என்னைத்தான் நிறுத்துவார்’ என்றார். பட்டயப் படிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் மதிப்பெண் பெற்றவர். கல்லூரியில் இருந்த மூன்றாண்டுகளில் ஒரு தளம் தொடக்கம் முதல் முடிவுவரை போடப்படுவதை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லையாம். அவருக்குப் பாடம் நடத்தியவர்களிலும் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு ஐயம். பட்டம் முடித்த கையோடு ஆசிரியராகி, மேற்பட்டமும் பெற்று, களத்தில் ஓராண்டுகூடக் கழிக்காதவர் ஆசிரியர் பணிக்கு முழுத் தகுதியுடையவராகவே கருதப்படுகிறார். மருத்துவமனையைப் பார்க்காதவர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்த முடியுமா?

அந்த இளைஞருக்கு இல்லாதவை இரண்டு: அனுபவம், அதிகாரம். இரண்டையும் தனித்தனியே தர முடியாது.

அனுபவத்துக்கான சட்டம் நம்மிடம் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் அதற்குள் வந்தார்கள். அவர்கள் ஓராண்டு பயிற்சி பெறலாம். உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியிலேயே இயங்குகிறது. 30 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். இங்கேதான் கட்டுமானத் துறை நழுவுகிறது. தொழிற்சாலைக்கு முகவரி உண்டு. பணியாளர் பதிவேடு உண்டு. நம் ஊர்களில் வீடு கட்டுபவரோ, ஓர் அறை அலுவலகமும் மூன்று ஊழியர்களும் வைத்திருப்பவர். மற்ற எல்லாரும் மேஸ்திரியின் ஆட்கள். தமிழ்நாட்டின் வீடுகளில் பெரும்பகுதியைக் கட்டுவது இவர்கள். சட்டத்தின் 30 என்ற எண் இவர்களைத் தொடுவதே இல்லை. எனவே பழகுநர் பயிற்சி என்பது பெரிய நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் கிடைக்கிறது. அரசு அலுவலகத்தில் கிடைத்தால் அது பல நேரங்களில் கோப்பு எடுத்து வைப்பதோடு முடிகிறது.

ஊர்தோறும் கட்டடப் பொறியாளர் சங்கங்கள் இருக்கின்றன. பத்துச் சிறு கட்டுமானர்கள் சேர்ந்து ஓர் அலகாகப் பதிவு செய்து, பழகுநர் ஒருவரைப் பத்துத் தளங்களிலும் சுழற்சியில் வேலை பழகவிடலாம். அஸ்திவாரம் ஓரிடத்தில், கம்பி கட்டுதல் ஓரிடத்தில், தளம் ஓரிடத்தில் என ஓராண்டில் ஒரு வீட்டின் எல்லாக் கட்டங்களையும் அவர் பார்த்துவிடுவார். இயந்திரவியல் போன்ற பிரிவுகளில் சில பாலிடெக்னிக்குகள் நடத்திவந்த ‘சாண்ட்விச்’ பட்டயத்தை, அதாவது மூன்றரை ஆண்டுப் படிப்பின் இடையிடையே மாதக்கணக்கில் தொழிற்சாலையில் பழகும் முறையை, சிவிலுக்கும் பரவலாக்கலாம். இரண்டு வாரம் போய்ச் சான்றிதழ் வாங்கிவரும் இன்றைய ‘இன்டர்ன்ஷிப்’ யாருக்கும் பயன்படவில்லை. அந்தச் சான்றிதழ்களை அச்சடித்துத் தருவதே ஒரு தொழிலாகிவிட்டது.

அதிகாரம் இதைவிடக் கடினம். குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்துக்கும் களத் தொழில்நுட்பர் ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். ஒரே நேரத்தில் அவர் இத்தனை தளங்களுக்கு மேல் பொறுப்பேற்கக் கூடாது என்ற வரம்பு வேண்டும். ஒவ்வொரு கான்கிரீட் கொட்டலுக்கும் முன் கம்பி, கவர் பிளாக், முட்டு ஆகியவற்றைப் பார்த்து அவர் கையெழுத்திட்ட தாள் இருக்க வேண்டும். கனசதுரச் சோதனையின் முடிவு அவர் பெயரிலேயே இணையத்தில் ஏற வேண்டும். சரியில்லை என்று அவர் நிறுத்தினால் அந்த வேலை நிற்க வேண்டும். அவருடைய ஊதியத்தை ஒப்பந்ததாரரின் தயவில் விடாமல், வீட்டு உரிமையாளர் அனுமதிக் கட்டணத்தோடு செலுத்தி, தனியே சேரச் செய்தால் மட்டுமே அவரால் ‘நிறுத்து’ என்று சொல்ல முடியும். செலவு கூடும் என்று முணுமுணுப்பு எழும். பளிங்குக்கும் முகப்பு அலங்காரத்துக்கும் லட்சக்கணக்கில் செலவிடும் நாம், தூணும் உத்திரமும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பவருக்குச் சில ஆயிரங்களைத் தருவதில் கணக்குப் பார்க்கிறோம். அரசுப் பணிகளில் ஒப்பந்ததாரர் தகுதி பெற்ற தொழில்நுட்பர்களை வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏற்கெனவே உண்டு. அது பெரும்பாலும் சான்றிதழ் நகலோடு நின்றுவிடுகிறது என்பதைத் துறையினரே தனிப்பேச்சில் ஒப்புக்கொள்வார்கள். முதலில் அரசு தன் வீட்டைச் சரிசெய்துகொள்ளட்டும்.

மேஸ்திரிக்கும் இந்த ஏணியில் இடம் வேண்டும். முப்பதாண்டு அனுபவமுள்ள ஒருவர் எத்தனை கற்றாலும் மேஸ்திரியாகவே ஓய்வுபெற வேண்டும் என்பது என்ன நியாயம்? 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழியில் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நலனுக்காகத் தீர்வையாக வசூலிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்தே இருக்கிறது. திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம் என வழங்கப்படும் உதவிகளில் கைவைக்காமலேயே, மேஸ்திரிகளை மேற்பார்வையாளராக உயர்த்தும் மாலைநேரப் படிப்புகளை வாரியம் நடத்த முடியும். பாலிடெக்னிக் ஆய்வுக்கூடங்கள் மாலையில் பூட்டித்தான் கிடக்கின்றன.

பெண்களின் நிலை தனியே சொல்லத்தக்கது. தலைமுறை தலைமுறையாகச் செங்கல்லும் கலவையும் சுமந்தவர்கள் பெண்கள். சித்தாளாகச் சேர்ந்தவர் சித்தாளாகவே முதுமை எய்துகிறார்; கரணையைப் பிடித்துக் கொத்தனாரான பெண்ணை நம் தெருக்களில் காண்பது அரிது. இன்று அவர்களின் மகள்கள், புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் உதவியோடு பாலிடெக்னிக்குக்கு வருகிறார்கள். சிவில் பட்டயம் பெற்ற அந்தப் பெண்ணை வேலைத்தளத்துக்கு அனுப்ப நிறுவனம் தயங்குகிறது. அங்கே கழிப்பறைகூட இல்லை என்பதே முதல் காரணம். அவர் அலுவலகத்தில் வரைபடத்தோடும் மதிப்பீட்டோடும் அமர்த்தப்படுகிறார். தாய் அதே கழிப்பறையில்லாத தளத்தில் முப்பது ஆண்டு வேலை செய்திருக்கிறாள் என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

பெற்றோர் என்னிடம் கேட்பது உண்டு: பையனைச் சிவிலில் சேர்க்கலாமா? முன்பு யோசிக்காமல் ‘சேருங்கள்’ என்பேன். இப்போது கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொல்கிறேன். துறை சுருங்கிவிட்டதால் அல்ல. டோட்டல் ஸ்டேஷனும் ட்ரோனும் கொண்டு நிலம் அளப்பவர், ரெடிமிக்ஸ் ஆலையில் தரம் பார்ப்பவர், அளவுக் கணக்கும் பட்டியலும் தயாரிப்பவர், கணினியில் முப்பரிமாணக் கட்டட மாதிரி உருவாக்குபவர் ஆகியோருக்கு நாட்டிலும் வளைகுடாவிலும் தேவை இருக்கிறது. எல்லாவற்றையும்விட, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய வீடுகள் இப்போது மூப்படைந்துவருகின்றன. அவற்றின் நோயைச் சோதித்துச் செப்பனிடத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமும் ரயில்வேயும் நடத்தும் இளநிலைப் பொறியாளர் தேர்வுகளைப் பட்டயதாரர்கள் எழுதலாம். இவ்வளவும் உண்மை. முதல் ஐந்தாண்டுகள் சொற்ப ஊதியத்தில், சொல்லுக்கு மதிப்பில்லாமல் கழியும் என்பதும் உண்மை. அதைச் சொல்லாமல் நாட்டுக்கட்டுமானம், சேவை என்று பேசி ஓர் இளைஞனை இந்தத் துறைக்குள் அழைப்பது ஏமாற்று வேலை. அந்த ஐந்தாண்டுகளை மாற்றுவது பெற்றோரின் கையில் இல்லை. விதிகளை எழுதுகிறவர்களின் கையில் இருக்கிறது.

எங்கள் தெரு வீட்டில் முட்டுகளைப் பிரித்துவிட்டார்கள். பத்தாம் நாளிலேயே பிரித்தார்கள். முன் அறை ஐந்து மீட்டருக்குக் குறையாது என்பது என் கணிப்பு. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பால்கனி நேராக நிற்கிறது. பூச்சு வேலை நடக்கிறது. தை மாதத்தில் புதுமனை புகுவிழா என்று வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு சொன்னார். அந்த இளம் பொறியாளரைச் சில நாள்களாகக் காணவில்லை. விசாரித்தேன். சென்னையில் ஏதோ மென்பொருள் சோதனைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டாராம். அவர் இடத்தில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். அவரும் இந்த ஆண்டுதான் பட்டயம் முடித்தவர். அவருக்கும் ஒரு நாளைக்கு நான்கு தளங்கள்.